ஜேம்ஸ் சாரும் பூந்தொட்டிக் கம்பெனியும்

ஜேம்ஸ் என்று ஒருவர். ஒரு உணவுத் தயாரிப்பு நிறுவனத்தில் அவருக்கு 60 சதவீதப் பங்கு. இயக்குநர் குழுவின் ஐந்து பேரில் இருவர் அவர் தேர்ந்தெடுத்த ஆட்கள். அவருக்கு ஹார்டுவேர் கடைகளும் உண்டு. அந்த நிறுவனத்தில் 90 சதவீதம் அவருடையது. கடைகளில் பல மூடிக் கிடக்கின்றன, லாரிகள் சும்மா நிற்கின்றன. ஜேம்ஸ் ஒரு யோசனை சொல்கிறார். உணவு நிறுவனம் அந்த லாரிகளை வாங்கிக்கொள்ளட்டுமே? வாங்குகிறார்கள். விலை மட்டும் சந்தை விலையைவிட அதிகம். மற்ற பங்குதாரர்கள் கோர்ட்டுக்குப் போகிறார்கள். அவர்கள் ஜெயிப்பார்களா?

இது த்ரில்லர் நாவலின் கரு இல்லை. உலக வங்கி 2003 முதல் வெளியிட்டுவந்த 'டூயிங் பிசினஸ்' அறிக்கையில் வரும் கதை. சிறு முதலீட்டாளருக்கு ஒரு நாட்டின் சட்டம் எவ்வளவு பாதுகாப்பு தருகிறது என்று அளப்பதற்காக எழுதப்பட்டது. கடைசி அறிக்கையில் 190 நாடுகள். 190 நாடுகளிலும் இதே ஜேம்ஸ், இதே லாரிகள். மும்பையிலும் அவர் ஜேம்ஸ்தான், ரியாத்திலும் ஜேம்ஸ்தான்.

அறிக்கையில் இப்படிப் பல கதைகள் உண்டு. வரி பற்றிய அத்தியாயத்தின் நாயகன் ஒரு கம்பெனி. அது பீங்கான் பூந்தொட்டி செய்து சில்லறையில் விற்கிறது. 4 மேனேஜர்கள், 8 உதவியாளர்கள், 48 தொழிலாளர்கள். முதல் வருடம் நஷ்டம். கட்டட அனுமதி அத்தியாயத்தில் ஊருக்கு வெளியே இரண்டு மாடிக் கிடங்கு ஒன்று எழும்புகிறது. மின் இணைப்பு அத்தியாயத்தில் இன்னொரு கிடங்கு 140 கேவிஏ இணைப்புக்குக் காத்திருக்கிறது. திவால் அத்தியாயத்தில் ஒரு ஹோட்டல் வங்கிக் கடனைக் கட்ட முடியாமல் தவிக்கிறது. அந்தக் கதை முதலில் எழுதப்பட்ட ஆய்வுக் கட்டுரையில் ஹோட்டலின் பெயர் 'மிராஜ்'. கானல்நீர்! பொருளாதார அறிஞர்களுக்கு நகைச்சுவை உணர்வு இல்லை என்று யார் சொன்னது?

இலக்கிய இதழில் உலக வங்கி அறிக்கைக்கு விமர்சனமா என்று கேட்கலாம். நம் காலத்தில் அதிகாரம் உள்ளவர்கள் ஊன்றிப் படித்த புனைகதைத் தொகுப்பு இதுவாகத்தான் இருக்கும் என்பது என் எண்ணம். பிரதமர்கள் இதைப் படித்துச் சட்டம் மாற்றினார்கள். எந்த நாவலாசிரியருக்கு அந்த பாக்கியம் கிடைத்தது? அதனால் கதையை விமர்சிக்கிற மாதிரியே இதையும் விமர்சிக்கலாம். கதைசொல்லி யார், யாருக்குச் சொல்கிறார், எந்தப் பாத்திரம் கதைக்குள் வராமலே போனது?

எனக்கு இதில் சொந்தக் கணக்கும் ஒன்று பாக்கி இருக்கிறது.

*

2014ல் நான் சென்னை ஓ.எம்.ஆரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்த்தேன். எங்கள் கிளையன்ட், வெளிநாட்டு முதலீட்டாளர்களுக்கு 'எமர்ஜிங் மார்க்கெட்' நாடுகளைப் பற்றி ஆலோசனை சொல்கிற ஒரு நிறுவனம். அவர்களுக்கு ஒரு டாஷ்போர்டு வேண்டும். ஒரு நாட்டுக்கு ஒரு வரி. வளர்ச்சி விகிதம், பணவீக்கம், அந்நியச் செலாவணிக் கையிருப்பு, கடன் தரமதிப்பீடு, கடைசிக் கட்டத்தில் டூயிங் பிசினஸ் தரவரிசை. காலையில் காபி குடித்துக்கொண்டே ஒரு ஃபண்ட் மேனேஜர் நாற்பது நாடுகளைப் பார்த்து முடித்துவிட வேண்டும். அதுதான் தேவை.

புதுத் தரவு வந்ததும் அதை இறக்கி, சுத்தம் செய்து, பழையதோடு ஒப்பிட்டு, ஒரு அம்பு போடுவது என் ஸ்கிரிப்டின் வேலை. ரேங்க் 10 இடத்துக்கு மேல் ஏறினால் பச்சை அம்பு. 10 இடத்துக்கு மேல் இறங்கினால் சிவப்பு. நடுவில் என்றால் சாம்பல். ஏன் 10? நான்தான் போட்டேன். கோடு ரிவ்யூவில் யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்கும் கேட்டுக்கொள்ளத் தோன்றவில்லை.

'எமர்ஜிங் மார்க்கெட்' என்ற சொல்லே ஒரு விற்பனைப் பேச்சில் பிறந்ததுதான். உலக வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த ஐஎஃப்சியில் வேலை பார்த்த அன்டுவான் வான் அக்ட்மேல், 1981ல் ஏழை நாடுகளின் பங்குச்சந்தைகளில் முதலீடு செய்ய ஒரு நிதித் திட்டத்தோடு போனார். 'மூன்றாம் உலக நிதி' என்று பெயர். பெயரைக் கேட்டதுமே யாரும் பணம் போட மாட்டார்கள் என்று புரிந்தது. அப்போது யோசித்த பெயர்தான் 'எமர்ஜிங் மார்க்கெட்'. ஊர் அதே ஊர், வறுமை அதே வறுமை. பார்க்கிறவரின் இடம் மட்டும் மாறியது. எங்கள் டாஷ்போர்டின் அந்த நாற்பது வரிகளும் அந்த இடத்திலிருந்து பார்த்து எழுதப்பட்டவை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. தெரிந்திருந்தாலும் அம்பைப் போட்டிருப்பேன்.

2017 அக்டோபர் 18 தீபாவளி. அம்மாவோடு திருப்பூரில் மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். மாமா காங்கேயம் ரோட்டுப் பக்கம் ஒரு ஜாப்வொர்க் யூனிட் வைத்திருக்கிறார். எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெட்டிய துணி மூட்டையாக வரும். தைத்து, செக் பண்ணி, அயர்ன் போட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். பீஸுக்கு இவ்வளவு என்று கூலி. அந்த ஷெட்டில் எப்போதும் 22 பவர்டேபிள் மெஷின்கள் ஓடும். அந்தத் தீபாவளிக்கு 14தான் இருந்தன. எட்டை விற்றுவிட்டார். மெஷின் இருந்த இடத்தில் தரை மட்டும் வேறு நிறத்தில், செவ்வகம் செவ்வகமாகத் தெரிந்தது.

பதின்மூன்று நாள் கழித்து, அக்டோபர் 31 அன்று, புதிய டூயிங் பிசினஸ் அறிக்கை வந்தது. இந்தியா 130லிருந்து 100வது இடத்துக்கு. ஒரே தாவலில் 30 இடம். டிவியில் கொண்டாட்டம். என் ஸ்கிரிப்ட் ஓடி முடிந்தது. இந்தியா வரியின் கடைசியில் பச்சை அம்பு.

நான் எழுதிய நிரல் பிசகில்லாமல் வேலை செய்தது. அன்றுதான் முதல் தடவையாக அது எனக்கு உறுத்தியது.

*

இந்த அறிக்கைக்கு ஒரு நல்ல மூதாதை உண்டு. அதை மறைத்துவிட்டுத் திட்டுவது நியாயமில்லை.

1980களின் தொடக்கத்தில் பெருவின் பொருளாதார எழுத்தாளர் ஹெர்னாந்தோ தெ சோட்டோவின் குழு, லிமா நகரின் விளிம்பில் ஒரு சிறிய தையல் பட்டறையைத் தொடங்கி அதைச் சட்டப்படி பதிவு செய்ய முயன்றது. ஆட்கள் நிஜமாகவே அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கினார்கள். வரிசையில் நின்றார்கள், படிவம் நிரப்பினார்கள். முடிப்பதற்கு 289 நாட்கள் ஆயின. வழியில் பத்து முறை லஞ்சம் கேட்டார்கள். இரண்டு முறை, அதற்கு மேல் நகரவே முடியாது என்ற கட்டத்தில், கொடுத்தார்கள்.

தையல் பட்டறை! இதைப் படித்தபோது எனக்கு மாமாவின் ஷெட்தான் ஞாபகம் வந்தது. அந்த 289 என்ற எண்ணுக்குப் பின்னால் வரிசையில் கால் கடுக்க நின்ற ஒருவர் இருக்கிறார். சிறு தொழில்காரனை அரசாங்கம் எப்படிச் சட்டத்துக்கு வெளியே தள்ளுகிறது என்று காட்டியது அந்தப் பரிசோதனை. நல்ல ரியலிசக் கதைக்கு இருக்கிற பலம் அதற்கு இருந்தது.

இந்த எண்ணத்தை உலகம் முழுக்க விரித்ததுதான் டூயிங் பிசினஸ். விரிக்கும்போது ஒரு மாற்றம் நடந்தது. 133 நாடுகளில் தையல் பட்டறை திறக்க ஆள் அனுப்ப முடியாது. எனவே கேள்வித்தாள் போனது. யாருக்கு? வக்கீல்களுக்கும் கணக்காளர்களுக்கும், இந்த வேலைகளில் பழக்கமுள்ள மற்ற நிபுணர்களுக்கும். 'இப்படி ஒரு கம்பெனி உங்கள் ஊரில் இருந்தால், பதிவு செய்ய எத்தனை நாள் ஆகும்?' வரிசையில் நின்றவர் கதையிலிருந்து வெளியேறிவிட்டார். அவர் சார்பாக அவருடைய வக்கீல் பேச ஆரம்பித்தார்.

கதாநாயகனும் மாறினான். அறிக்கையின் விதிமுறைப் பகுதியைப் படித்தால் அவன் எப்படிப்பட்டவன் என்று தெரியும். அவனுக்கு எல்லா விதிமுறைகளும் முன்பே தெரியும். நேரத்தை வீணாக்க மாட்டான். தாமதம் இல்லாமல் ஒவ்வொரு படியையும் முடிப்பான். தொடங்குவது லிமிடெட் கம்பெனி. ஐந்து முதலாளிகள், முதலீடு கையில் தயார். இப்படி ஒருவரை நான் என் வாழ்க்கையில் பார்த்ததில்லை. மாமாவுடையது புரொப்ரைட்டர் கம்பெனி. திருப்பூரின் ஆயிரக்கணக்கான ஜாப்வொர்க் யூனிட்களும் பெரும்பாலும் அப்படித்தான். 'தொழில் தொடங்குதல்' என்ற அத்தியாயத்தில் அவர்கள் யாருமே தொழில் தொடங்கவில்லை.

ஊர் விஷயமும் அப்படித்தான். அறிக்கை ஒவ்வொரு நாட்டிலும் மிகப்பெரிய வணிக நகரம் ஒன்றை எடுத்துக்கொண்டது. பத்துக் கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் நாடு என்றால், பிற்காலத்தில், இரண்டு நகரங்கள். இந்தியா என்றால் மும்பையும் டெல்லியும். திருப்பூர், சிவகாசி, சூரத், லூதியானா எதுவும் கிடையாது. இது ரகசியம் இல்லை, அறிக்கையிலேயே எழுதியிருந்தது. நான் அதைப் படித்திருந்தேன். ஆனால் என் டேட்டாபேஸில் அந்த நெடுவரிசையின் பெயர் 'இந்தியா' என்றுதான் இருந்தது.

*

சாஃப்ட்வேர்க்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. மேனேஜர் டெஸ்ட் கேஸ் கொடுத்து, அது பாஸானால் வேலை முடிந்தது என்று சொன்னால், கொஞ்ச நாளில் டெஸ்ட் கேஸுக்கு மட்டும் ஓடுகிற கோடு எழுதக் கற்றுக்கொள்வோம். பொய் சொல்வது இல்லை அது. கேட்டதைத்தான் கொடுக்கிறோம்.

நாடுகளை வரிசைப்படுத்தும் பட்டியல் முதல் அறிக்கையில் இல்லை. இரண்டு வருடம் கழித்து வந்தது. அதன்பின் அறிக்கை டெஸ்ட் கேஸ் ஆகிவிட்டது. 2012ல் புதின் ஒரு ஆணையே போட்டார், 120வது இடத்தில் இருக்கும் ரஷ்யா 2018க்குள் 20வது இடத்துக்கு வர வேண்டும் என்று. இந்தியா முதல் 50க்குள் வருவதை இலக்காக வைத்தது. கட்டட அனுமதியில் இந்தியா 2017 அறிவிப்பில் 181வது இடம், அடுத்த வருடமே 52. டெல்லி, மும்பை மாநகராட்சிகள் அனுமதிகளை ஆன்லைனுக்கு மாற்றியது அதற்கு முக்கியக் காரணம். அது நிஜமான முன்னேற்றம்தான். மும்பையில் கட்டடம் கட்டுகிறவருக்கு அலைச்சல் குறைந்தால் எனக்குச் சந்தோஷமே. 2016ல் வந்த திவால் சட்டமும் பெரிய விஷயம். மிராஜ் ஹோட்டல்காரர்களுக்கு நல்ல காலம்.

2019ல் இந்தியா 63வது இடத்துக்கு வந்தது. அதே அறிக்கையில் 'ஒப்பந்த அமலாக்கம்' என்ற அத்தியாயத்தில் மட்டும் 163. வரவேண்டிய பணத்துக்கு வழக்குப் போட்டு அதைக் கைக்குக் கொண்டுவர சராசரியாக 1,445 நாட்கள். கிட்டத்தட்ட நாலு வருஷம். படிவத்தை ஆன்லைனாக்கலாம். நீதிபதிகளை நியமிக்கவும், தேங்கிய வழக்குகளைத் தீர்க்கவும் ஒரு வருஷத்தில் முடியாது. எது சீக்கிரம் ரேங்கைத் தூக்குமோ அது முதலில் நடந்தது.

மாமாவைப் பாதிக்கிற ஒரே அத்தியாயம் அந்த 163தான்.

*

மாமா யூனிட்டில் சனிக்கிழமை சம்பளம். 35 பேர். அப்போது வாரத்துக்கு 80,000 ரூபாயைத் தொடும். சனிக்கிழமை சாயங்காலம் எல்லாருக்கும் ரூபாய் நோட்டாகக் கையில் கொடுக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் அரிசி வாங்க வேண்டும், ஒடிசாவுக்குப் பணம் அனுப்ப வேண்டும்.

2016 நவம்பர் 8, செவ்வாய்க்கிழமை இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவிப்பு. அடுத்த வாரம், நடப்புக் கணக்கிலிருந்து வாரத்துக்கு 50,000 எடுக்கலாம் என்று வரம்பு வந்தது. 80,000 சம்பளத்துக்கு 50,000. அதுவும் வங்கியில் நோட்டு இருந்தால். மாமா பாதிப் பேருக்கு ஒரு வாரம், மீதிப் பேருக்கு மறுவாரம் என்று கொடுத்துப் பார்த்தார். ஒன்பது பேர் ஊருக்கு ரயிலேறிவிட்டார்கள். அதில் நாலு பேர் திரும்பவில்லை.

அடுத்த ஜூலை 1, ஜிஎஸ்டி. எக்ஸ்போர்ட்டர்கள் கட்டிய வரி ரீஃபண்டாகத் திரும்பி வர மாதக்கணக்கில் இழுத்தது. அவர்களுடைய காசு அங்கே மாட்டிக்கொண்டதும் நூல்மில்லுக்குப் பணம் நிற்கவில்லை, சாயப்பட்டறைக்கு நிற்கவில்லை. நிறுத்தினால் அவர்கள் சரக்கு தர மாட்டார்கள். முதலில் நின்றது ஜாப்வொர்க் பில். 45 நாளில் வர வேண்டிய காசு 60, 90, 120 என்று போனது. அந்த 120ல்தான் எட்டு மெஷின்களும் போயின.

அந்த வருட அறிக்கைக்கான தரவு 2017 ஜூன் 1ஆம் தேதி வரை. நோட்டு விவகாரம் நடந்தது அந்தக் காலத்துக்குள்தான். ஆனால் சனிக்கிழமை கையில் நோட்டு இருக்கிறதா என்று எந்தக் கேள்வியும் இல்லை. ஜிஎஸ்டி ஒரு மாதம் தள்ளி வந்ததால் கணக்கிலேயே வரவில்லை. அறிக்கையைத் தயாரித்தவர்கள் எதையும் மறைக்கவில்லை. அவர்கள் கதையில் சனிக்கிழமை என்ற கிழமையே இல்லை, அவ்வளவுதான்.

அந்தப் பச்சை அம்புக்கு ஒரு மாதம் கழித்து மாமாவிடம் இந்த அறிக்கையைப் பற்றிச் சொன்னேன். பூந்தொட்டிக் கம்பெனியைப் பற்றிச் சொன்னதும் சுவாரசியமாகக் கேட்டார்.

"சரி மாப்ள, அந்தத் தொட்டிக் கம்பெனிக்குப் பார்ட்டி ஆரு?"

"பார்ட்டியெல்லாம் இல்லீங் மாமா. சில்லறைல விக்குறாங்க. இது சும்மா கணக்குக்கு வச்ச கம்பெனி."

"சில்லறைன்னா காசு அன்னிக்கே வந்துருமே. அப்பறம் அவனுக்கு என்ன ரிஸ்க்கு?"

ஒப்பந்த அமலாக்கம் பற்றியும் சொன்னேன். சிறு நிறுவனங்களுக்கு 45 நாளுக்குள் பணம் கொடுத்துவிட வேண்டும் என்று 2006லேயே சட்டம் இருக்கிறதே, கேஸ் போடலாமே என்று கேட்டேன். மாமா சிரித்தார்.

"கேஸ் போட்டா அந்தக் காசு வரும் கண்ணு. அடுத்த ஆர்டர் ஆரு குடுப்பா? அவன் தம்பிதான் இன்னொரு கம்பெனி வச்சிருக்கறான். அவன் மச்சான் இன்னொண்ணு."

எட்டு பக்கத்தில் நான் எழுத நினைத்த விமர்சனத்தை அவர் இரண்டு கேள்வியில் முடித்துவிட்டார். எம். கோபாலகிருஷ்ணனின் 'மணல் கடிகை' மாதிரி திருப்பூரைக் களமாகக் கொண்ட நாவலைப் படிக்கும்போது ஒருத்தன் யாருக்குத் தம்பி, யாருக்கு மச்சான் என்று தெரிந்துகொள்ளாமல் மேலே போக முடியாது. ஜேம்ஸுக்குத் தம்பி கிடையாது. ஜேம்ஸைக் கோர்ட்டுக்கு இழுக்கிற பங்குதாரர்கள் நாளைக்கு அவர் முகத்தில் விழிக்க வேண்டியதில்லை. 190 நாடுகளை ஒப்பிட வேண்டுமென்றால் தம்பியையும் மச்சானையும் வெட்டித்தான் ஆக வேண்டும். அது எனக்குப் புரிகிறது. ஆனால் தொழிலின் ஆபத்து முழுக்க வெட்டிப் போட்ட அந்தத் துண்டில்தான் இருந்தது.

இதை ஆய்வாளர்களும் வேறு மொழியில் சொல்லியிருக்கிறார்கள். 2015ல் மேரி ஹால்வர்ட்-ட்ரீமெயரும் லான்ட் பிரிட்செட்டும் ஒரு கட்டுரை எழுதினார்கள். உலக வங்கியே இன்னொரு பக்கம் நிஜ நிறுவனங்களைக் கேட்டு எடுக்கிற சர்வே இருக்கிறது. அதையும் டூயிங் பிசினஸையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சட்டப்படி ஆகும் நாட்களுக்கும் நிறுவனங்கள் சொன்ன நாட்களுக்கும் பெரிய சம்பந்தம் இல்லை. ஒரே ஊரில் ஒருவருக்குச் சில நாளில் முடிவது இன்னொருவருக்கு மாதக்கணக்கில் இழுக்கிறது. இப்படிப்பட்ட இடங்களில் தொழில் நடப்பது விதியால் இல்லை, டீலால் என்றார்கள். மாமாவிடம் சொன்னால், "இதுக்குமா படிக்கோணும்?" என்பார்.

*

அறிக்கையின் முடிவு பலருக்குத் தெரிந்திருக்கும். 2018 ஜனவரியில் உலக வங்கியின் தலைமைப் பொருளாதார நிபுணர் பால் ரோமர், சிலி நாட்டின் ரேங்க் ஏறி இறங்கியதில் அரசியல் நோக்கம் இருந்திருக்கலாம் என்று வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். அதே மாதம் பதவியை விட்டார். 2020ல் வங்கி அறிக்கையை நிறுத்திவைத்து உள் ஆய்வு நடத்தியது. 2017 அக்டோபர் 31 அறிக்கையில் சீனாவின் இடம் 78 இல்லை, 85 ஆக இருந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. சவூதி அரேபியா, ஐக்கிய அரபு அமீரகம், அஜர்பைஜான் தரவுகளிலும் முறைகேடு. மேலிடத்து அழுத்தம் இருந்தது என்றது வெளி வழக்கறிஞர் குழுவின் விசாரணை. குற்றம் சாட்டப்பட்ட அதிகாரி மறுத்தார். 2021 செப்டம்பரில் அறிக்கை ஒரேயடியாக மூடப்பட்டது.

தேதியைக் கவனியுங்கள். என் பச்சை அம்பு பறந்த அதே நாள், அதே கோப்பு.

செய்தி வந்ததும் ட்விட்டரில் நிறைய பேர் குதூகலித்தார்கள். 'பார்த்தீர்களா, எல்லாம் பொய்.' எனக்கு அந்தக் குதூகலத்தில் சேர முடியவில்லை. சீனாவின் எண்ணைத் திருத்தியது குற்றம். ஆனால் யாரும் திருத்தாத இந்தியாவின் எண்ணை நான் என்ன செய்வது? அந்த 100 அதன் விதிகளின்படி நேர்மையாகக் கணக்கிடப்பட்ட எண். நேர்மையான எண்ணும் எட்டு மெஷின்களைப் பார்க்கவில்லை. ஊழல் நடந்ததால் அறிக்கை தோற்றது என்று சொன்னால், ஊழல் இல்லாத அறிக்கை போதும் என்று ஆகிவிடும். 2013லேயே தென்னாப்பிரிக்காவின் முன்னாள் நிதி அமைச்சர் ட்ரெவர் மானுவல் தலைமையிலான குழு அந்த மொத்தத் தரவரிசையை எடுத்துவிடுங்கள் என்று சொன்னது. தரவரிசை இல்லாமல் யார் படிப்பார்கள்? எடுக்கவில்லை. என் டாஷ்போர்டும் தரவரிசையைத்தான் எடுத்தது. உள்ளே இருந்த பத்து அத்தியாயங்களில் ஒன்றைக்கூட எடுக்கவில்லை. 163 என்ற எண்ணும் என் கைக்கு வந்ததுதான். கட்டம் சின்னது என்று விட்டேன்.

ரிஸ்க் என்ற சொல்லை நாம் எந்தப் பக்கமிருந்து உச்சரிக்கிறோம் என்பதும் முக்கியம். எங்கள் டாஷ்போர்டில் ரிஸ்க் எப்போதும் வளரும் நாட்டில் ஊற்றெடுத்து முதலீட்டாளரை நோக்கி ஓடும். திருப்பூரில் அது எதிர்த் திசையிலும் ஓடியிருக்கிறது. 2007-08ல் வங்கிகள் விற்ற அந்நியச் செலாவணி டெரிவேட்டிவ் ஒப்பந்தங்களில் எக்ஸ்போர்ட்டர்கள் பலர் கையைச் சுட்டுக்கொண்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்காவில் வீட்டுக்கடன் சரிந்தது, இங்கே ஆர்டர் குறைந்தது. அமெரிக்காவுக்கு என் டாஷ்போர்டில் வரியே கிடையாது. அது 'எமர்ஜிங்' இல்லையே.

இதற்கெல்லாம் எண்ணே வேண்டாம், கதையும் அனுபவமும் போதும் என்று முடித்தால் இலக்கிய வாசகர்கள் மகிழ்வார்கள். அது வசதியான பொய். மாமாவே எண்களால் வாழ்கிறவர். 2004லிருந்து ஒரு நோட்டு எழுதுகிறார், இப்போது ஏழாவது நோட்டு. ஒவ்வொரு சனிக்கிழமையும் ஒரு வரி. எத்தனை மெஷின் ஓடியது, எத்தனை பேர் வந்தார்கள், எந்தப் பார்ட்டியின் பில் எத்தனை நாளில் வந்தது. நூல் விலை ஓரத்தில். அதுவும் ஒரு அட்டவணைதான், அதுவும் இன்டெக்ஸ்தான். ஒரே வித்தியாசம், அதில் ஒரு எண் தப்பானால் அந்தச் சனிக்கிழமை அவர்தான் 35 பேர் முன்னால் நிற்க வேண்டும். என் அம்பு தப்பானபோது எனக்கு எதுவும் ஆகவில்லை. அந்த வருடம் எனக்கு நல்ல அப்ரைசல் கிடைத்தது.

*

2024 அக்டோபரில் உலக வங்கி புதிய அறிக்கையைக் கொண்டுவந்தது. பெயர் 'பி-ரெடி'. முதல் பதிப்பில் 50 நாடுகள், இந்தியா அதில் இல்லை. ஒட்டுமொத்தத் தரவரிசை இல்லை. நிபுணர்களோடு நிறுவனங்களையும் நேரில் கேட்கிறார்கள். சட்டத்தில் இருப்பது தனி, நடைமுறையில் நடப்பது தனி என்று பார்க்கிறார்கள். பழைய புத்தகத்தின் விமர்சனங்களைப் படித்துவிட்டு எழுதிய இரண்டாவது புத்தகம் என்று தெரிகிறது. ஜேம்ஸ் சாருக்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள் என்றே நினைக்கத் தோன்றுகிறது. சந்தோஷம்தான். அதைப் படிக்கும்போது மாமாவின் முதல் கேள்வியைத்தான் கையில் வைத்துக்கொள்ளப் போகிறேன். பார்ட்டி யார்? காசு எத்தனை நாளில்?

நான் அந்த வேலையை விட்டு ஆறு வருடம் ஆகிறது. டாஷ்போர்டு இன்னும் ஓடுகிறதாம். 10 இன்னும் 10தானா என்று தெரியவில்லை.

2025 ஆகஸ்ட் 27 அன்று இந்தியப் பொருட்களுக்கு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி 50 சதவீதமானது. அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மாமாவைக் கூப்பிட்டேன். நியூஸில் ஒவ்வொரு நிபுணரும் ஒவ்வொரு சதவீதம் சொல்லிக்கொண்டிருந்தார். மாமா நோட்டை எடுத்துவரச் சொல்லி அத்தையிடம் கேட்பது போனில் கேட்டது.

"போன வருசம் இதே வாரம் 14 மெஷின் ஓடிருக்குது. இந்த வாரம் 9."

"பார்ட்டி என்னங் மாமா சொல்றாங்க?"

"ஒண்ணுஞ் சொல்லல. தெனம் ரெண்டு தடவ 'பீஸ் ஆச்சா, பீஸ் ஆச்சா'ன்னு உசிர எடுப்பான் அந்த மேனேஜரு. வியாழக்கெழமல இருந்து கூப்புடவே இல்ல."

"அதையும் நோட்டுல எழுதுனீங்களா?"

"பின்ன?" என்றார். "தேதி போட்டு எழுதி வெச்சிருக்கறேன்."